வியர்க்கும் மெழுகு: சோயாவோடு இரண்டு வருடம்

மெழுகுவர்த்தி செய்ய ஐந்து கிலோ சோயா மெழுகுப் பை விலை இறங்கியிருக்கிறது, வாங்கிப் போட்டுவிடலாமா என்று தோழி ஒருத்தி கேட்டாள். அவளுக்குப் பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு, ஏர்கோன் படுக்கையறையில் மட்டும்தான். அதைக் கேட்டுக்கொள்ளாமல் பதில் சொல்ல முடியாது. இந்த மெழுகின் தொல்லை எல்லாம் கடைசியில் அறை வெப்பத்தில்தான் வந்து நிற்கும்.

குவளையில் ஊற்றும் சோயா மெழுகு 46 முதல் 49 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். பினாங்கு மத்தியானத்தில் வீட்டுக்குள்ளேயே 31, 32 டிகிரி. அந்தச் சூட்டில் மெழுகு உருகாது, ஆனால் இளகும். இளகினால் வாசனை எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. காலையில் வழவழவென்று இருந்த மேற்பரப்பில் சாயங்காலம் கடுகளவு எண்ணெய் முத்துகள் நிற்கும். விரல் பட்டால் பிசுபிசுக்கும், மூடியைத் திறந்தால் உள்பக்கமும் ஈரமாக இருக்கும். இதைத்தான் மெழுகு வியர்க்கிறது என்கிறோம். துடைத்தால் போய்விடும், மறுநாள் மத்தியானம் திரும்ப வரும். துடைக்காமல் பற்றவைக்கக் கூடாது, தேங்கிய எண்ணெய் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

பையின் மேல் வாசனை எண்ணெய் 10 சதவீதம் வரை தாங்கும் என்று போட்டிருக்கும். அது உச்ச வரம்பு. குளிர்நாட்டு அறைக்குச் சரிப்படலாம், இங்கே 6 சதவீதத்தைத் தாண்டினால் வியர்வை நிச்சயம். 200 மில்லி குவளைக்கு 150 கிராம் மெழுகு, 9 கிராம் எண்ணெய் போதும். கரண்டியில் அளக்காதீர்கள். ஒவ்வோர் எண்ணெயும் ஒவ்வொரு கனம், அதனால் கிராமுக்குக் கீழே ஒரு தசமம் காட்டும் தராசு கட்டாயம் வேண்டும். கிலோவுக்கு 50 முதல் 100 கிராம் தேன்மெழுகு சேர்த்தால் இன்னும் நன்றாகக் கட்டும். தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் அதை முதலில் உருக்கிக்கொண்டு, பிறகு சோயாவைப் போடுங்கள். கலவை மாறினால் திரியின் அளவையும் மறுபடி சோதிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு அளவு பெரிய திரி தேவைப்படும்.

உருக்குவதில் பெரிய வித்தை இல்லை. வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து 80, 85 டிகிரி வரை ஏற்றி, அடுப்பை அணைத்து, எண்ணெயை ஊற்றி இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்க வேண்டும். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழ் சேரும். 55, 60 டிகிரிக்கு இறங்கியதும் குவளையில் ஊற்றலாம். உருகிய மெழுகில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழக்கூடாது, விழுந்தால் எரியும்போது திரி படபடக்கும். மெழுகில் தீப் பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூடியைப் போட்டு அணையுங்கள்.

பலர் தவறுவது அதற்கு அடுத்த கட்டத்தில். சீக்கிரம் இறுகட்டும் என்று ஏர்கோன் அறையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அவசரமாகக் குளிர்ந்தால் மெழுகு கண்ணாடியை விட்டு விலகி, திட்டுத்திட்டாக ஈரம் பட்டது போலத் தெரியும். மேலே வெண்பூச்சும் படியும். பழைய சாக்லேட்டின் மேல் சாம்பல் பூத்திருக்குமே, அதே சங்கதிதான். கொழுப்பின் படிகம் வடிவம் மாறுகிறது, எரிவதற்கு ஒரு குறையும் வராது. சாயம் போட்டால் அந்த வெள்ளை அசிங்கமாகத் தெரியும், சாயமில்லாமல் செய்தால் கண்ணுக்கே படாது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஊற்றி, சமையலறை மேசையிலேயே விட்டுவிடுங்கள். பிறகு மூடி, அட்டைப் பெட்டிக்குள் வைத்து, வீட்டில் குளிர்ந்த மூலையில், தரையோடு தரையாக இரண்டு வாரம். குளிர்பெட்டியின் தலையில் வைத்தால் அந்தச் சூடே போதும், வியர்த்துவிடும்.

அந்த இரண்டு வாரத்துக்குப் பலன் உண்டு. மூன்றாம் நாள் பற்றவைத்தால் மணமே எழாத செராய் (எலுமிச்சைப்புல்) எண்ணெய், பதினைந்தாம் நாள் கூடம் முழுக்க நிறையும். கழுவுவது இன்னும் சந்தோஷம். பாராஃபின் உருக்கிய பாத்திரத்தைச் சுரண்டிச் சுரண்டி நகம் தேயும். சோயாவை டிஸ்யூவால் வழித்தெடுத்து, வெந்நீரும் பாத்திரச் சோப்பும் போட்டால் பளிச்சென்று வந்துவிடும். வழித்ததைக் குப்பையில் போடுங்கள், சிங்க்கில் ஊற்றினால் குழாயில் போய் இறுகும். எரிந்து முடிந்த குவளை, விரிசல் இல்லாவிட்டால், அடுத்த முறைக்கும் ஆகும்.

எல்லாம் சரி, இந்தக் காற்றாடியை என்ன செய்வது? இந்த ஊரில் காற்றாடி சுழலாத கூடம் ஏது? சுடர் ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்கக் கண்ணாடி கறுக்கும், எதிர்ப்பக்க மெழுகு உருகாமல் சுவராக நிற்கும். சோயாவில் கரியே வராது என்று விற்பவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். அது பொய். காற்று அடித்தாலும், திரி நீண்டிருந்தாலும் கரி வரத்தான் செய்யும். ஒவ்வொரு முறையும் பற்றவைக்குமுன் திரியை 5 மில்லிமீட்டருக்கு நறுக்குங்கள். 7 சென்டிமீட்டர் அகலக் குவளையில் மூன்று மணி நேரத்துக்குள் உருகல் விளிம்பைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் திரி சிறியது. முதல் தடவை பாதியில் அணைத்துவிட்டால் நடுவில் குழி விழும், பிறகு அந்தக் குழிக்குள்ளேயே இறங்கி எரியும். நாலு மணி நேரத்துக்கு மேல் எரிய விடவும் கூடாது. ஆக, மூன்று மணி நேரம் காற்றாடியை நிறுத்திவிட்டு மெழுகுக்குப் பதில் நாம் வியர்க்க வேண்டியிருக்கிறது. இரண்டு வருடமாக இதற்கு மட்டும் தீர்வு கிடைக்கவில்லை, எரிச்சலும் தீரவில்லை.

மணத்துக்கும் சுத்தத்துக்கும் முழு மதிப்பெண் கொடுப்பேன். ஆனாலும் தோழிக்குச் சொன்ன பதில் வேண்டாம் என்பதுதான். காற்றாடிக் கூடத்துக்கு ஐந்து கிலோ வீண். வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரியை எளிதில் தாண்டும், கொண்டுபோகும் பரிசு வழியிலேயே கூழாகும். ஆசை விடவில்லையென்றால் ஒரு கிலோ மெழுகும் மூன்று அளவில் திரியும் மட்டும் வாங்கி, செப்டம்பர், அக்டோபர் மழையில், ஏர்கோன் இருக்கும் அந்தப் படுக்கையறைக்கென்று செய்து பார்க்கட்டும். குளிர்காற்று நேராக அடிக்காத மூலையில் வைத்து எரிக்க வேண்டும்.