இம்பீச்மென்ட் பாடத்துக்கு ஒரு ஞாயிறு வகுப்பு: ஆசிரியரை நம்பலாம், குறிப்பேட்டை நம்ப வேண்டாம்

சிவில் நீதிபதி தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக வேலூரில் ஒரு தனியார் பயிற்சி மையம் நடத்தும் ஞாயிற்றுக்கிழமை அரசியலமைப்பு வகுப்புக்கு எட்டு வாரம் சென்றுவந்தேன். கட்டணம் ரூ.2,400, குறிப்பேட்டுக்குத் தனியாக ரூ.250. மாடி அறை, இரண்டு மின்விசிறி, நாற்பது பேர். வேலூர் வெயிலைப் பற்றி எழுதிப் பயனில்லை. எட்டு வகுப்புகளையும் விவரிக்காமல் ஐந்தாம் வகுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இம்பீச்மென்ட்டில், அதாவது உயர் பதவியில் இருப்பவர்மீது நாடாளுமன்றமே குற்றஞ்சாட்டி விசாரிக்கும் நடைமுறையில், எந்த அளவுக்குத் தண்டிக்கலாம் என்பதே அன்றைய பாடம். மையத்தின் நிறையும் குறையும் அந்த ஒரு நாளிலேயே தெரிந்துவிட்டன.

ஆசிரியர் குடியரசுத் தலைவரின் நீக்கத்தைச் சொல்லும் நம் அரசியலமைப்பின் பிரிவு 61-இலிருந்து தொடங்கவில்லை; பக்கத்து ஊரான ஆற்காட்டிலிருந்து தொடங்கினார். ஆற்காடு நவாபின் கடன்களைப் பற்றி 1785-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உரையாற்றிய எட்மண்ட் பர்க்தான், பின்னர் வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான இம்பீச்மென்ட்டை முன்னின்று நடத்தியவர். 1788-இல் தொடங்கிய அந்த விசாரணை 1795-இல் விடுதலையில் முடிந்தது. தீர்ப்பு எதிராகப் போயிருந்தால் ஹேஸ்டிங்ஸுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று ஆசிரியர் கேட்டபோது, பதவி போயிருக்கும் என்று பலரும் சொன்னோம். பதவியை அவர் ஏற்கெனவே விட்டிருந்தார். பிரிட்டிஷ் முறையில் பிரபுக்கள் சபை அபராதம், சிறை, மரணம் எதை வேண்டுமானாலும் விதிக்கலாம் என்பதற்கு, 1725-இல் 30,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்ட மேக்கிள்ஸ்ஃபீல்ட் பிரபுவையும், 1747-இல் தலை வெட்டப்பட்ட லோவட் பிரபுவையும் எடுத்துக்காட்டினார்.

இதைக் கேட்ட பிறகு அமெரிக்க அரசியலமைப்பைப் படிப்பது வேறு அனுபவம். ஹேஸ்டிங்ஸ் விவகாரம் லண்டனில் சூடுபிடித்திருந்த 1787-இல்தான் பிலடெல்பியாவில் அந்த அரசியலமைப்பு எழுதப்பட்டது. அங்கு நடந்த விவாதத்தில் ஜார்ஜ் மேசன் ஹேஸ்டிங்ஸின் பெயரைச் சொல்லியே பேசினார். விசாரணை முறையைப் பிரிட்டனிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள், தண்டனையை மட்டும் வெட்டிச் சுருக்கினார்கள்: பதவி நீக்கம், எதிர்காலத்தில் பதவி வகிக்கத் தடை ஆகிய இரண்டைத் தாண்டி அமெரிக்க மேலவையான செனட் எதையும் விதிக்க முடியாது. குற்றத்துக்கான தண்டனை வழக்கமான நீதிமன்றத்தின் வேலை. அந்த வழி மூடப்படவில்லை என்பதையும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது.

இங்கே ஒருவர் எழுந்தார். ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர். மகளுக்குத் துணையாக வந்து, மகளைவிடக் கவனமாகக் குறிப்பெடுப்பவர்.

“சார், அப்ப இது நம்ம அரசு ஊழியர் ஒழுங்கு நடவடிக்கை விதி 17(பி) மாதிரிதானே? ரிமூவல்னா வேலை மட்டும் போகும், வேற அரசு வேலைக்கு மனு போடலாம். டிஸ்மிஸ்னா அதுவும் கிடையாது. கிரிமினல் கேஸ் தனி.”

“ஐயா, நீங்க இங்க வந்து நின்னு நடத்துங்க” என்றார் ஆசிரியர். அன்றைய பாடத்தின் மிகச் சிறந்த பகுதி அதற்குப் பின் வந்தது. செனட் நீக்குவதும் தடை விதிப்பதும் தனித்தனி முடிவுகள். அதனால்தான் 1989-இல் நீக்கப்பட்டும் தடை விதிக்கப்படாத நீதிபதி அல்சி ஹேஸ்டிங்ஸ் (அவருக்கும் அதே பெயர் அமைந்தது வேடிக்கை) 1992 தேர்தலில் வென்று பிரதிநிதிகள் சபைக்கே சென்றார். துறை நடவடிக்கைக்குப் பின் குற்ற வழக்கும் தொடுத்தால் ஒரே குற்றத்துக்கு இரு தண்டனை ஆகாதா என்ற கேள்விக்கு, 1954-இன் எஸ்.ஏ. வெங்கடராமன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆகாது என்று சொன்னதை அவர் விளக்கிய விதம், சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுகள் எனக்குப் புரியாததைப் பத்தே நிமிடத்தில் புரியவைத்தது.

இந்தியப் பகுதிக்கு நேரம் போதவில்லை, இது குறை. பிரிவு 61-இன்படி குடியரசுத் தலைவர்மீது அரசியலமைப்பை மீறியதாகக் குற்றஞ்சாட்டி, இரு அவைகளும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவுடன் தீர்மானம் நிறைவேற்றினால், அன்றே பதவி போகும். அவ்வளவுதான், மீண்டும் போட்டியிடத் தடை என்ற சொல்லே அங்கு இல்லை. பதவியில் இருக்கும்வரை குற்ற வழக்கிலிருந்து பிரிவு 361 தரும் பாதுகாப்பு பதவியோடு போய்விடும் என்பதையும் அவசரமாகச் சொல்லி முடித்தார். நீதிபதிகளைப் பொறுத்தவரை அரசியலமைப்பு இம்பீச்மென்ட் என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை, நீக்கம் என்றே சொல்கிறது என்பதைக் கவனப்படுத்தியவர், 1993-இல் நீதிபதி வி. ராமசாமி மீதான தீர்மானம் 196 பேர் ஆதரித்தும் 205 பேர் வாக்களிக்காததால் தோற்றதைத் தொட்டார். 2011-இல் மாநிலங்களவை நிறைவேற்றிய தீர்மானம் மக்களவைக்கு வருமுன் நீதிபதி சௌமித்ர சென் பதவி விலகியதையும் சொன்னார். நீக்கத்தைத் தவிர வேறு தண்டனை இல்லாத முறையில், விலகல் கடிதத்துக்குப் பிறகு அவைக்கு மிச்சம் ஏதுமில்லை. அமெரிக்காவில் 1876-இல் போர்த் துறைச் செயலர் பெல்க்னாப் விலகிய பிறகும் செனட் விசாரித்தது. தடை என்ற இரண்டாவது தண்டனை அங்கு இருந்ததே அதற்கு இடம் தந்தது. இந்த ஒப்பீட்டுக்கு இன்னும் அரை மணி நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

குறிப்பேட்டைப் பற்றிச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. 41-ஆம் பக்கத்தில் பிரிவு 61-க்கு ‘வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரு பங்கு’ என்று அச்சாகியிருக்கிறது. நீதிபதிகளுக்கான பிரிவு 124(4)-இலிருந்து பாதியை மட்டும் எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள். அங்கேகூட மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும் சேர்ந்தே தேவை. அதற்குக் கீழேயே ‘நீக்கப்பட்டவர் மீண்டும் போட்டியிட முடியாது’ என்று, அமெரிக்கத் தடையை நம் குடியரசுத் தலைவர்மேல் சுமத்தியிருக்கிறார்கள். தேர்வில் இதை நம்பி எழுதினால் மதிப்பெண் போகும்.

கட்டணத்துக்கு வகுப்பு நியாயமானதே. குறிப்பேட்டுக்குத் தரும் ரூ.250-க்கு அரசியலமைப்பின் மூலப் பதிப்பை வாங்கிக்கொள்வது மேல். பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி அலுவலகத்தில் கொடுத்தபோது, “அடுத்த பேட்ச்சுக்கு மாத்திடுறோம் சார்” என்றார்கள். அடுத்த பேட்ச்சில் சேர்ந்த நண்பரிடம் கேட்டேன். 41-ஆம் பக்கம் அப்படியேதான் இருக்கிறதாம்.