பிளஞ்சர் பம்ப் வால்வு, பேக்கிங் ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பார்த்து வாங்குங்கள்: ₹86,400 போச்சு

₹86,400. ஒரு டிரிப்ளெக்ஸ் பிளஞ்சர் பம்புக்கு (மூன்று தண்டுகள் முன்னும் பின்னும் ஓடித் தண்ணீரை உயர் அழுத்தத்தில் தள்ளுவது) ஆறு வால்வு அசெம்பிளி, மூன்று செட் பேக்கிங் (தண்டைச் சுற்றிக் கசிவை அடைக்கும் வளையங்கள்), ஜிஎஸ்டி உட்பட. முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டு, சொன்ன தரத்தில் ஒரு சரக்கைக்கூட அனுப்பவில்லை. தொழிற்சாலை உதிரிபாகங்கள் விற்கும் ஒரு இணையச் சந்தை. அதில் ‘சரிபார்க்கப்பட்டவர்’ என்ற முத்திரையோடு இருக்கும் ஒரு சீல், பேக்கிங் வியாபாரி. இரண்டு பேருக்கும் இதில் பங்கு உண்டு.

பம்ப் சாதாரண ரகம்தான். பிளஞ்சர் 36 மி.மீ., ஸ்ட்ரோக் (தண்டு ஓடும் தூரம்) 60 மி.மீ., 400 ஆர்பிஎம், அழுத்தம் 250 பார், 37 கிலோவாட் மோட்டார். ஹீட் எக்ஸ்சேஞ்சர் டியூப்களைத் தண்ணீர் ஜெட்டால் சுத்தம் செய்ய ஓடுவது. வடிகட்டிய தண்ணீர் என்பதால் தட்டு வால்வே போதும். மணலோ கூழோ வந்தால்தான் சாய்வு சீட்டும் (வால்வு வந்து உட்காரும் இடம்) ரப்பர் இன்செர்ட்டும் தேவை. பிசுபிசுப்பான திரவத்துக்குப் பந்து வால்வு. தட்டு, சீட் இரண்டும் 17-4 பிஎச் (வெப்பப் பதத்தில் கெட்டியாகும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), வெப்பப் பதம் செய்தது என்று ஆர்டரிலேயே எழுதியிருந்தோம். பேக்கிங் 10 மி.மீ. சதுரம்: பேக்கிங் உட்காரும் ஒவ்வொரு பாக்ஸிலும் முதல், கடைசி வளையம் அராமிட் (கெவ்லர் வகைக் கெட்டி நூல்), நடுவில் பிடிஎஃப்இ (டெஃப்லான்) நூல். ஓர வளையம் கெட்டியாக இருந்தால்தான் நடுவில் உள்ள மெத்தென்ற வளையம் அழுத்தத்தில் இடைவெளி வழியே பிதுங்காது. பின்னால் கெட்டி பிடிஎஃப்இ பேக்கப் வளையம்.

அந்த வியாபாரியை நாங்கள் நம்பியதற்குக் காரணம் அவருடைய பேச்சு. “சார், 36 பிளஞ்சர்னா பாக்ஸ் 56 தானே? பிளஞ்சர் செராமிக்கா, கோட்டிங்கா? வெறும் ஸ்டீல்னா அராமிட் வேண்டாம் சார், கோடு போட்டுடும்” என்றார். தொழில் தெரிந்தவர் மட்டுமே கேட்கும் கேள்வி அது. அராமிட் நூல் மெத்தென்ற பிளஞ்சரை அரித்துவிடும் என்பது உண்மை. இவ்வளவு தெரிந்த ஒருவர்தான், எங்கே ஏமாற்றினால் கண்ணுக்குத் தெரியாது என்பதையும் தெரிந்து வைத்திருக்கிறார். இதுதான் வயிற்றெரிச்சல்.

வந்த சரக்கு பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. ஓட்டிய கொஞ்ச நாளிலேயே பிரஷர் கேஜ் முள் ஆடத் தொடங்கியது, டெலிவரி லைன் அதிர்ந்தது. திறந்து பார்த்தால் தட்டு சீட்டில் மோதி மோதி விளிம்பு பிதுங்கி, ஒரு பக்கம் தண்ணீர் அறுத்த வாய்க்கால். நிமிடத்துக்கு 400 தடவை அடி வாங்கும் இடத்தில் மெத்தென்ற உலோகம் இருந்தால் இப்படித்தான் ஆகும்: முதலில் நசுங்கும், நசுங்கிய இடத்தில் கசியும், 250 பாரில் அந்தக் கசிவே கத்தியாகி அறுக்கும். காந்தம் வைத்தோம், ஒட்டவே இல்லை. 17-4 பிஎச் காந்தத்தில் நன்றாக ஒட்டும். 304, 316 என்ற சாதாரண ஸ்டெயின்லெஸ் வகைகள் பெரும்பாலும் ஒட்டாது. சரக்கோடு வந்த சான்றிதழைப் பாருங்கள்: “எஸ்எஸ் 316, ஹெச்ஆர்சி 42, ஹீட் ட்ரீட்டட்”. ஹெச்ஆர்சி என்பது ராக்வெல் சி, கெட்டியான உலோகத்தின் கடினத்தன்மையை அளக்கும் அளவு; மெத்தென்ற உலோகத்துக்கு ராக்வெல் பி. 316-ஐ எந்தச் சூளையில் வைத்தாலும் கெட்டியாகாது. சூடாக்கி மென்மையாக்கிய 316 ராக்வெல் பி அளவில் 95-க்குள் நிற்கும், சி அளவுக்கு வரவே வராது. பொய்ச் சான்றிதழைக்கூட ஒழுங்காக அடிக்கவில்லை.

பேக்கிங் இன்னும் மோசம். வெளியே மஞ்சள் அராமிட் பின்னல், குறுக்கே வெட்டினால் உள்ளே வெள்ளை நூல். தீயில் காட்டியதும் உருகிச் சொட்டியது. அராமிட் உருகாது, கருகும். உராய்வுச் சூட்டில் அந்த நூல் இறுகிக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கிளாண்டை (பேக்கிங்கை அழுத்திப் பிடிக்கும் மூடியை) எவ்வளவு முறுக்கியும் கசிவு நிற்கவில்லை. பிய்ந்த துணுக்குகள் தட்டுக்கடியில் மாட்டி வால்வை மூடவிடாமல் வைத்தன. பேக்கப் வளையத்தை ஒரு வாளித் தண்ணீரில் போட்டோம், மிதந்தது! பிடிஎஃப்இ தண்ணீரைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம், கல்லாய் அமிழும். மிதப்பது பாலிஎதிலீன் வகை.

₹86,400 வாங்கும்போது இனித்த குரல், புகார் சொன்னதும் மாறிவிட்டது. “உங்க தண்ணி சரியில்லை சார்.” ஃபில்டர் படம் அனுப்பினோம். “கிளாண்டை ஓவரா டைட் பண்ணியிருப்பீங்க.” மிதக்கும் வளையத்துக்கும் கிளாண்டுக்கும் என்ன சம்பந்தம்? “கம்பெனில கேட்டுச் சொல்றேன்.” அதன்பின் போனே எடுப்பதில்லை. இணையச் சந்தையோ, “பொருத்திய உதிரிபாகம் திரும்பப் பெறப்படாது” என்ற ஒரே வரியைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறது; ஒவ்வொரு முறையும் புதுப் பெயரில் ஒருவர், முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்கிறார். பொருத்தாமல் வால்வு தேயுமா என்று கேட்டால் டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். தொழிலுக்காக வாங்கிய பொருள் என்பதால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நாம் ‘நுகர்வோர்’ ஆவதும் கடினம்; சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்கு மட்டும்தான் அதில் விலக்கு. அவர்களுக்கும் இது தெரியும்.

விரிவாக எழுதத்தான் நினைத்தேன், ஆத்திரத்தில் வரிசையாக வரவில்லை. அவசரமாகச் சில:

முழுப் பணம் முன்னால் கட்டாதீர்கள். ஒரு வால்வு, ஒரு செட் பேக்கிங் மாதிரிக்கு வாங்கிச் சோதித்த பிறகே மீதி.

பொருத்தும் முன் காந்தம், வாளி, தீக்குச்சி. தீச்சோதனையைத் திறந்த வெளியில், வெட்டிய துண்டில் மட்டும் செய்யுங்கள். பிடிஎஃப்இயைச் சூடாக்காதீர்கள், அதன் புகை நஞ்சு.

வால்வை மூடிய நிலையில் நிமிர்த்தி வைத்து, தட்டின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். ஒழுகினால் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

நிறத்தை நம்பி ரப்பர் வாங்காதீர்கள். பழுப்பாக இருப்பதெல்லாம் ‘விட்டான்’ (Viton என்ற ஃப்ளூரின் ரப்பர்) இல்லை. கிராம் எடையைக் கன செ.மீ. அளவால் வகுத்தால் 1.8 அளவுக்கு வர வேண்டும். சாதாரண நைட்ரைல் ரப்பர் அதைவிட நன்றாகவே குறையும். வெந்நீருக்கு ஈபிடிஎம் ரப்பர், எண்ணெய் பட்டால் ஈபிடிஎம் கூடாது, சூடான காஸ்டிக்குக்கு விட்டான் கூடாது.

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள், பில்லில் உலோகத்தின் பெயரையும் கடினத்தன்மையையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள். எங்கள் ₹86,400-க்கு வக்கீல் நோட்டீஸ் போயிருக்கிறது, பதில் இன்னும் இல்லை.