மருத்துவமனைக்கு மொத்த நிதியா, சிகிச்சைக்கு ஏற்ற நிதியா?

இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவையான என்.எச்.எஸ்ஸில் இரண்டு வழிகளும் உண்டு. மொத்த ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு இவ்வளவு என்று முன்பே தொகை முடிவாகிவிடும். நோயாளிகள் கூடினாலும் குறைந்தாலும் அது மாறாது. 2003-04இல் தொடங்கிய மற்ற முறையில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு விலை. செய்த வேலைக்குத்தான் பணம்.

இடுப்பு மூட்டு மாற்று, கண்புரை போன்ற திட்டமிட்ட அறுவை சிகிச்சைகளுக்கு இரண்டாவதே பொருந்தும். காத்திருப்போர் பட்டியலைக் குறைக்க மருத்துவமனைக்கு அது ஒரு தூண்டுதல். ஆனால் நோயாளியை உள்ளே சேர்த்தால்தான் வருமானம் என்றால், வீட்டிலேயே கவனிக்க யார் முனைவார்கள்?

மொத்த நிதியில் கணக்கு வழக்குச் சுமை குறைவு, சம்பளத்துக்கு உறுதி உண்டு. 2020இல் கொரோனா வந்ததும் மருத்துவமனைகளை இதற்கு மாற்றியது அதனால்தான். செலவு கூடும் ஆபத்து முழுவதும் சேவை தருபவர் தலையில் விழுகிறது என்பதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். மனநல சேவை நெடுங்காலமாக இப்படித்தான் இயங்குகிறது. தேவை பெருகும்போது தொகை அப்படியே நிற்க, வரிசைதான் நீள்கிறது.

2023-24இல் திட்டமிட்ட சிகிச்சைகளுக்கு எண்ணிக்கைப்படியும், அவசர சிகிச்சை உள்ளிட்ட பெரும்பாலானவற்றுக்கு நிலையான தொகையுமாகத் தரத் தொடங்கினார்கள். அந்தப் பிரிவினை சரியே. நிலையான தொகையை மட்டும் ஆண்டுதோறும் உண்மையான தேவையை வைத்துத் திருத்த வேண்டும்.