முப்பதுக்கு மூன்று, முப்பதுக்குப் பத்து: மிஷிகன் சீசன் டிக்கெட்டோடு என் அனுபவம்

மிஷிகன் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு 2011 முதல் சீசன் டிக்கெட் (ஒரு சீசனில் சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களுக்கு மொத்தமாக வாங்குவது) வைத்திருக்கிறேன். காலேஜ் ஃபுட்பால் தொடங்கப் போகிறது என்றாலே, நாமும் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பார்த்த முதல் ஆட்டமே முழுதாக நடக்கவில்லை. 2011 செப்டம்பர் 3, எதிரணி வெஸ்டர்ன் மிஷிகன். மின்னல் வெட்டியதால் ஆட்டத்தை நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கினார்கள், மறுபடி மின்னல். நான்கு குவார்ட்டர்களில் (கால் பகுதிகளில்) மூன்றாவது முடிவதற்குள் 34–10 என்ற ஸ்கோரோடு அன்றைய ஆட்டம் முடிந்துபோனது. தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் தேடியது, அடுத்த ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதைத்தான்.

ஆன் ஆர்பர் நகரில் இருக்கும் எங்கள் மைதானத்தில் 107,601 பேர் உட்காரலாம். ஆனால் வடக்கு வாசலில் நின்று பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் பெரும்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. உள்ளே நாலு எட்டு வைத்ததும் காலுக்குக் கீழே பச்சைத் தரை விரியும். எட்டு மாதம் காத்திருந்து முதல் வாரம் அதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

என் இடம் கோல்போஸ்ட்டுக்குப் பின்னால். நடு மைதானத்துக்கு நேரே உட்காரத்தான் எல்லோரும் ஆசைப்படுவார்கள். நானும் முதல் வருடம் அப்படித்தான் நினைத்தேன். பக்கத்து இருக்கையில் பல வருடங்களாக வந்துகொண்டிருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் சொன்னார்: "பந்தைப் பார்க்காதீங்க. முன்னால நிக்கிற அந்த அஞ்சு பேரைப் பாருங்க." அதுதான் ஆஃபென்சிவ் லைன், பந்து வைத்திருக்கும் அணிக்காக முன்னால் நின்று எதிரணியைத் தடுப்பவர்கள். பின்னாலிருந்து பார்த்தால்தான் அவர்களுக்கு நடுவே இடைவெளி எப்படித் திறக்கிறது, எப்படி மூடிக்கொள்கிறது என்பது தெரியும். இப்போது நடு வரிசையில் இடம் கொடுத்தாலும் மாற மாட்டேன்.

முதல் வார ஸ்கோரை நான் நம்பாமல் போனதும் இங்கே உட்கார்ந்து பார்த்துத்தான். 2023-இல் ஈஸ்ட் கரோலினாவை 30–3 என்று வென்றோம். 2024-இல் ஃப்ரெஸ்னோ ஸ்டேட்டை 30–10. தாளில் பார்த்தால் ஏறக்குறைய ஒரே ஆட்டம். ஆனால் 2023-இல் பந்தை வீசும் எங்கள் குவார்ட்டர்பேக் மெக்கார்த்தி 30 முறை வீசியதில் 26 எங்கள் ஆட்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவர் நிதானமாக நின்று வீச அந்த ஐந்து பேரும் இடம் கொடுத்தார்கள். 2024-இல் எங்கள் அணி பந்தை நகர்த்தவே திணறியது, நான்காவது குவார்ட்டரில் 16–10 வரை இழுத்தது. முந்தைய அணி 15–0 என்று, அதாவது 15 வெற்றி, தோல்வியே இல்லாமல், தேசிய சாம்பியன் ஆனது. அடுத்ததோ இரண்டாவது வாரமே டெக்சஸிடம் 31–12 என்று தோற்று, 8–5 என்று சீசனை முடித்தது.

2007 முதல் வாரம் நான் அங்கே இல்லை, பெரியவர் இருந்தார். தேசத் தரவரிசையில் 5-ஆம் இடத்தில் இருந்த மிஷிகன், ஒரு பிரிவு கீழே ஆடும் அப்பலாச்சியன் ஸ்டேட்டிடம் 34–32 என்று தோற்றது. கடைசி நொடியில் மிஷிகன் அடித்த ஃபீல்ட் கோலை (கோல்போஸ்ட்டுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) எதிரணி தடுத்துவிட்டது. அதைப் பற்றி அவர் இன்றைக்கும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்.

2024-இலிருந்து பிளேஆஃபுக்கு, அதாவது சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்கும் போட்டிகளுக்கு, 12 அணிகள் போகின்றன. தொடக்கத்தில் ஒன்று தோற்றாலும் சீசன் போய்விடாது. இது நல்லதுதான் என்பது என் கருத்து. பெரிய அணிகள் முதல் வாரமே துணிந்து மோதலாம். 2025-இல் ஒஹாயோ ஸ்டேட் டெக்சஸை 14–7 என்று வென்றதே, அப்படிப்பட்ட தொடக்கம் எங்கள் மைதானத்திலும் நடக்க வேண்டும் என்று ஆசை.

அப்புறம், டிக்கெட் வாங்குகிறவர்களுக்கு: கிழக்குப் பக்கம் எடுத்தால் பிற்பகல் ஆட்டங்களில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும், தொப்பி இல்லாமல் முடியாது. பெஞ்சில் நெருக்கித்தான் உட்கார வேண்டும். மூன்றாவது ஆட்டத்துக்குள் பக்கத்தில் இருப்பவர்கள் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள்.

இந்த வருடமும் முதல் ஆட்டத்தில் நான் ஒன்றே ஒன்றுக்குத்தான் காத்திருப்பேன். மூன்றாவது டவுன் (பத்து கஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), இன்னும் ஒரு கஜம் வேண்டும், எதிரணி மொத்தமும் நடுவில் குவிந்து நிற்கிறது. அப்போது அந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் முன்னே தள்ளுகிறார்களா? தோள்கவசங்கள் மோதும் சத்தம் எங்கள் வரிசை வரை கேட்கும். அந்த ஒரு கஜம் கிடைத்துவிட்டால், பெரியவர் ஸ்கோர் போர்டைப் பார்க்காமலேயே என் முழங்கையைத் தட்டுவார்.