கிராஃபிக்ஸ் கார்டு: வந்தவுடனா, நடுவிலா, கடைசியிலா?

கேமிங்குக்காகக் கிராஃபிக்ஸ் கார்டு வாங்குபவருக்கு மூன்று பருவங்கள் உண்டு. ஒரு தலைமுறை வெளியான முதல் சில மாதங்கள், ஓராண்டு கடந்து திருத்திய மாடல்கள் வரும் நடுக்காலம், அடுத்த தலைமுறை வரும் தறுவாயில் பழைய சரக்கைக் கழிக்கும் கடைசிக்காலம். நான் 2024இல், நடுக்காலத்தில், 1440பி (2560×1440 புள்ளிகள்) மானிட்டருக்காக என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ சூப்பர் கார்டை வாங்கியவன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தேதான் இருக்கும்.

வெளியானவுடன் வாங்கினால் கார்டின் முழு ஆயுளும் நம்முடையது, விற்கும்போதும் நல்ல விலை கிடைக்கும். ஆனால் அறிவித்த விலைக்கே கார்டு கிடைப்பது அப்போது அரிது. தொடக்கக் கோளாறுகளும் முதலில் வாங்கியவர் தலையில்தான் விழும். 2025 தொடக்கத்தில் வந்த 50 வரிசையின் 5090, 5070 டிஐ கார்டுகளில் ஏறத்தாழ அரை சதவீதத்தில் சில செயல் அலகுகள் குறைந்திருந்ததை என்விடியாவே ஒப்புக்கொண்டது. மாற்றித் தருவார்கள் என்றாலும், அலைச்சல் நமக்குத்தான்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது விலையைவிடக் கார்டிலேயே உள்ள மெமரி. வேகம் போதாவிட்டால் ஆட்டத்தின் அமைப்புகளைக் குறைக்கலாம், டிஎல்எஸ்எஸ் (குறைந்த தெளிவில் வரைந்து படத்தைப் பெரிதாக்குவது) போன்ற வசதிகளைப் பயன்படுத்தலாம்; மெமரி நிரம்பிவிட்டாலோ டெக்ஸ்சரின் (பொருள்களின் மேற்பரப்புப் படங்கள்) தரத்தைக் குறைப்பதைத் தவிரப் பெரும்பாலும் வேறு வழியில்லை. கணினியின் ரேமைப் போலப் பின்னர் ஒரு குச்சி வாங்கிச் செருகவும் முடியாது, ஏனெனில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டது. எவ்வளவு மெமரி என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது கிராஃபிக்ஸ் சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதையின் அகலம். ஒரு மெமரி சில்லுக்கு வழக்கமாக 32 பிட் பாதை வேண்டும் என்பதால், 192 பிட் பாதையுள்ள கார்டில் பொதுவாக ஆறு சில்லுகள்தான் அமரும். சில்லுக்கு 2 ஜிபி என்றால் 12 ஜிபியோடு நின்றுவிடும்.

2023 ஜனவரியில் 799 டாலருக்கு வந்த 4070 டிஐ அப்படிப்பட்டதுதான். (2022 செப்டம்பரில் இதையே '4080, 12 ஜிபி' என்ற பெயரில் 899 டாலருக்கு அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே திரும்பப் பெற்றார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.) ஓராண்டு கழித்து, 2024 ஜனவரியில், அதே 799 டாலருக்கு 4070 டிஐ சூப்பர் வந்தது. அது 4080இல் உள்ள பெரிய சிப்பையே, சில பகுதிகளை முடக்கி, 256 பிட் பாதையோடு பயன்படுத்தியதால் மெமரி 16 ஜிபி ஆனது. வேகம் கூடியது கொஞ்சம்தான். மெமரி கூடியது மூன்றில் ஒரு பங்கு. அதே மாதம் 1,199 டாலர் 4080க்குப் பதிலாக 999 டாலருக்கு 4080 சூப்பரும் வந்தது. 2019 ஜூலையிலும் இதே கதை நடந்தது: 6 ஜிபி 2060 வந்து அரையாண்டுக்குள் 8 ஜிபியோடு 2060 சூப்பர் வந்தது, அப்போது விலை சற்றுக் கூடியிருந்தாலும்.

இது எல்லாத் தலைமுறைக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். 2020இல் தொடங்கிய 30 வரிசையின் நடுக்காலம், எத்தீரியம் என்ற மெய்நிகர் நாணயத்தை ஈட்டக் கார்டுகளை அள்ளிய 'சுரங்க'த்தில் கரைந்துபோனது. 2021இல் காத்திருந்தவர்கள் இன்னும் அதிக விலைதான் கொடுத்தார்கள்.

கடைசிக்காலத் தள்ளுபடி சூதாட்டம். 2022 மார்ச்சில் 1,999 டாலருக்கு வந்த 3090 டிஐ, அந்த ஆண்டின் செப்டம்பருக்குள் ஏறத்தாழ 1,100 டாலருக்கு இறங்கியது. ஆனால் 2024 முடிவில் 4090 சரக்கு வற்றி, விலை ஏறியே போனது. நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு: பழைய டாலர் விலையில் இறக்குமதி செய்து, 18 சதவீத ஜிஎஸ்டியும் கட்டிய சரக்கை நட்டத்துக்குத் தள்ள சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மின்னணுச் சந்தையின் வியாபாரி எளிதில் முன்வர மாட்டார். பயன்படுத்திய கார்டு வாங்கிய அனுபவம் எனக்கு இல்லை. வாங்குவதென்றால் பில்லும் மிச்ச வாரண்டியும் இருப்பதையாவது பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைய 50 வரிசைக்கு இந்த அளவுகோலை வைத்தால் விடை ஒன்றாக வராது. 5060 டிஐ, போட்டி நிறுவனமான ஏஎம்டியின் 9060 எக்ஸ்டி ஆகிய இரண்டும் 2025இல் தொடக்கத்திலேயே 16 ஜிபி வடிவத்திலும் வந்துவிட்டன; அறிவித்த விலை முறையே 429, 349 டாலர். இந்த வகுப்பில் வாங்குபவர் திருத்திய மாடலுக்காகக் காத்திருக்கக் காரணமில்லை. 549 டாலர் 5070 மட்டும் மறுபடி 192 பிட், 12 ஜிபி. 3 ஜிபி சில்லுகள் இப்போது இருக்கின்றன, மடிக்கணினிக்கான 5090 அவற்றால்தான் 24 ஜிபியை எட்டியது. எனவே 5070இன் இடத்தில் 18 ஜிபி கார்டு வருவதற்குத் தொழில்நுட்பத் தடை இல்லை. தடை விலைதான்: செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் 2025 இறுதியிலிருந்து மெமரி விலை ஏறிக்கொண்டிருக்கும் நிலையில், நானாக இருந்தால் 5070க்கான திருத்தத்துக்குக் காத்திராமல், அதே 549 டாலர் அறிவிப்பு விலையில் 16 ஜிபியோடு வந்த ஏஎம்டி 9070ஐ முதலில் விசாரிப்பேன்.