ஆனிமே கமிஷன் வரைய பேடா, ஸ்க்ரீன் டேப்லெட்டா, ஐபேடா? வடசென்னை வீட்டில் எது தாங்கும்

யூடியூப் பார்த்தும், பிடித்த கதாபாத்திரங்களை வரைந்து வரைந்தும் தானாகக் கை பழகி, இப்போது காசுக்கு ஆனிமே பாணி ஓவியம் போட்டுக் கொடுக்கத் தொடங்கியிருப்பவர்களுக்கு இது. அப்படிக் கேட்டு வரும் ஆர்டரைத்தான் கமிஷன் என்கிறேன். வீட்டில் ஓரளவு ஓடும் லேப்டாப் இருந்தால் திரையில்லாத பேட் வாங்குங்கள், அதாவது லேப்டாப்பில் செருகி, பேனாவால் வரைகிற பலகை; படம் லேப்டாப் திரையில் தெரியும். நான் வேலை செய்வது அதில்தான், அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன். லேப்டாப்பே இல்லையென்றால் ஐபேட் பற்றி யோசிக்கலாம். ஸ்க்ரீன் டேப்லெட்டை, அதாவது லேப்டாப்போடு இணைத்துத் திரைமேலேயே வரைகிற பலகையை, மாதாமாதம் நிலையாக ஆர்டர் வரத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

திரையிலேயே வரைவது சுலபம், பேட் விலை குறைவு. இதில் விவாதமே இல்லை. கை ஒரு இடம், கண் ஒரு இடம் என்கிற தடுமாற்றம் தினமும் உட்கார்ந்தால் சில வாரத்தில் போய்விடும்.

பேட் வாங்கும்போது கவனிக்க வேண்டியது அளவு. வாக்கம் கம்பெனியின் இன்டுயோஸ் பேடை எடுத்துக்கொண்டால், ஸ்மாலின் வரையும் பரப்பு 152 × 95 மி.மீ, மீடியம் 216 × 135 மி.மீ. 15.6 அங்குல லேப்டாப் திரையின் அகலம் சுமார் 345 மி.மீ. ஸ்மாலில் கை 1 மி.மீ நகர்ந்தால் திரையில் கோடு 2.3 மி.மீ ஓடும். அதையே 24 அங்குல மானிட்டரோடு இணைத்தால் 3.5 மி.மீ. நெற்றியிலிருந்து தோள் வரை ஒரே இழுப்பில் முடி போடும்போது நடுக்கம் தெரிவது இதனால்தான். லேப்டாப்புக்கு ஸ்மால் போதும், பெரிய மானிட்டருக்கு மீடியம். இன்னொன்று: பேட் 16:10 விகிதம், திரை பெரும்பாலும் 16:9. டிரைவரில் (பேடை இயக்க லேப்டாப்பில் போடும் மென்பொருள்) விகிதத்தைப் பூட்டும் அமைப்பை ஆன் செய்யாவிட்டால், நீங்கள் வட்டமாகச் சுழற்றும் கருவிழி பத்தில் ஒரு பங்கு அகலமாக விழும். கை சரியில்லை என்று நினைத்துக்கொண்டு பலர் மாதக்கணக்கில் பயிற்சி செய்வது இந்த ஒரு டிக் மார்க் இல்லாததால்.

இனி முக்கியமான விஷயம், பராமரிப்பு. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் பலர் பேபாலில் பணம் கட்டுகிறார்கள். வேலை வந்து சேரவில்லை என்று 180 நாள் வரை அவர்கள் புகார் எழுப்பலாம். கருவி பழுதாகி இரண்டு வாரம் நின்றால், வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கிற நிலைகூட வரும். அதனால் எது அழகாக வரைகிறது என்பதைவிட, எது நம் ஏரியாவில் தாங்கும், கெட்டால் எத்தனை நாளில் சரியாகும் என்பதுதான் கேள்வி.

ராயபுரம், காசிமேடு பக்கம் உப்புக்காற்று. எண்ணூர், மணலி பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல், நிலக்கரித் தூசி. போதாததற்குக் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் சாயங்காலம் மேசையைத் தடவினால் விரலில் கறுப்பாக ஒட்டும். சாம்பலிலும் மணலிலும் சிலிக்கா இருக்கிறது. அதில் குவார்ட்ஸாக இருக்கும் துகள் கண்ணாடியைவிடக் கடினம். நிப்புக்கு அடியில் அப்படி ஒரு துகள் சிக்கியிருக்க, நிழலை அழுத்தித் தேய்த்தால் ஸ்க்ரீன் டேப்லெட்டில் கீறல் நிரந்தரம். ஃபிலிம் ஒட்டினால் அடி அதன்மேல் விழும், உண்மைதான். ஆனால் இந்த ஈரப்பதத்தில் மலிவான ஃபிலிமின் ஓரம் சீக்கிரமே எழும்பி, அதற்கடியில் தூசி போய் உட்காரும்.

பேடிலும் அதே துகள் கீறத்தான் செய்யும். ஆனால் நீங்கள் பார்ப்பது பேடை அல்ல, மானிட்டரை. தேய்மானம் என்பது நடுவில் பளபளவென்று வழுக்கும் ஒரு திட்டு, அவ்வளவுதான். ஜெராக்ஸ் கடையில் ஓஎச்பி ஷீட் (தெளிவான பிளாஸ்டிக் தாள்) ஒன்று வாங்கி, பேட் அளவுக்கு வெட்டி, நாலு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். பேனா மின்காந்த முறையில் இயங்குவதால் அந்தத் தடிமனைத் தாண்டி அழுத்தமும் சரியாகப் பதிவாகும். சாதாரண ஏ4 தாளை ஒட்டினால் பிடிப்பு இன்னும் நன்றாக இருக்கும், நிப்தான் சீக்கிரம் கரையும். நிப்பை வாரம் ஒருமுறை கழற்றி வெளிச்சத்தில் பக்கவாட்டாகப் பாருங்கள். முனை உருண்டிருந்தால் சரி. ஒரு பக்கம் உளி மாதிரி சாய்ந்து, நகத்தில் இழுத்தால் கீறுகிறதென்றால் அன்றைக்கே மாற்றுங்கள். அந்த ஓரம்தான் பேடை அறுக்கிறது.

பேடில் அடிக்கடி போவது யூஎஸ்பி ஜாக். கேபிளை அசைத்தால் விட்டுவிட்டு இணைகிறது என்றால் முதலில் வேறொரு டேட்டா கேபிள் போட்டுப் பாருங்கள், சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் உதவாது. ஜாக்தான் என்று உறுதியானால், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் உள்ள செல்போன் சர்வீஸ் கடையில் கேளுங்கள். மைக்ரோ யூஎஸ்பி ஜாக் மாற்றுவது அவர்கள் தினமும் செய்கிற சால்டரிங் வேலை. அதற்கு மேல் சிக்கல் என்றால் மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி ரிச்சி தெரு, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த இடம். எதுவுமே நடக்காவிட்டாலும் புது பேட் ஒன்றின் விலையை ஓரிரண்டு கமிஷன் ஈடுகட்டிவிடும்.

ஸ்க்ரீன் டேப்லெட்டில் இந்த வசதி இல்லை. திரைப் பேனல் போனால் அந்த மாடலுக்கான பேனல் லோக்கலில் கிடைப்பது அரிது, கம்பெனிக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பல மாடல்களில் வரும் மூன்று முனைக் கேபிள் போனாலும் ஆன்லைனில் வரவழைக்க வேண்டியதுதான். டைப்-சி கேபிள் ஒன்றே போதும் என்று விளம்பரத்தில் இருந்தால், உங்கள் லேப்டாப்பின் டைப்-சி போர்ட் வீடியோ அனுப்புமா என்று முதலில் பாருங்கள்; பல லேப்டாப்பில் அனுப்பாது.

ஐபேடை இரவல் வாங்கி வரைந்த அளவில்தான் சொல்ல முடியும், வருடக்கணக்கில் வேலைக்கு ஓட்டிய அனுபவம் எனக்கில்லை. கரன்ட் போகிற நாளில் அதை அடிக்க ஆளில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் பத்து மணி நேர பேட்டரி பெரிய விஷயம். விற்றாலும் நல்ல விலை போகும். ஆனால் ஆப்பிள் சொல்லும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரைதான். கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் அது காலையிலேயே தாண்டிவிடும். சூடேறினால் திரை தானாக மங்கும், நிறத்தை நம்ப முடியாது. அதில் வரையும் ஆப்பிள் பென்சிலுக்குள் பேட்டரி உண்டு, மாதக்கணக்கில் சார்ஜ் ஏற்றாமல் வைத்தால் செத்துவிடும். ஐபேடில் வரையும் ஆப்பான புரோகிரியேட்டில் படம் பெரிதாக ஆக, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வரையும் லேயர்களின் எண்ணிக்கை குறையும். கிளிப் ஸ்டுடியோ என்கிற வரையும் மென்பொருள் ஐபேடில் சந்தா மட்டுமே. விண்டோஸில் ஒரே தடவை காசு கட்டி வாங்கலாம். விடியூபர்களுக்கு (முகத்துக்குப் பதில் அசையும் ஓவியத்தைக் காட்டும் யூடியூபர்கள்) மாடல் வரையும் கமிஷன் எடுக்கும் எண்ணம் இருந்தால் இன்னொன்றும் உண்டு: ஓவியத்தை அசைய வைக்கும் லைவ்2டி எடிட்டர் விண்டோஸிலும் மேக்கிலும்தான் ஓடும்.

பேடுக்கு உள்ள பெரிய குறை, நிறம் முழுக்க லேப்டாப் திரையைச் சார்ந்தது. மலிவான லேப்டாப் திரையில் தோல் நிறம் வெளிறித் தெரியும், அதைப் பார்த்து சிவப்பை ஏற்றினால் வாடிக்கையாளரிடம் கன்னம் தக்காளி நிறத்தில் போய்ச் சேரும். அனுப்புவதற்கு முன் எஸ்ஆர்ஜிபி-யில் (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற அமைப்பு) எக்ஸ்போர்ட் செய்து, இரண்டு வேறு போனில் திறந்து பாருங்கள்.

பழைய பேட் வாங்குவதாக இருந்தால் பேனா இல்லாமல் விற்பதை விட்டுவிடுங்கள், வேறு மாடல் பேனா பெரும்பாலும் வேலை செய்யாது. உங்கள் லேப்டாப்பையே எடுத்துப் போங்கள். அதில் வேறு கம்பெனி டிரைவர் இருந்தால் முன்பே நீக்கி ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் வேலை செய்யாமல் போகும். இலவச வரையும் மென்பொருளான கிருதாவைத் திறந்து, கோட்டைத் தானாக நேராக்கும் ஸ்டெபிலைசரை அணைத்து, ஸ்கேல் வைத்து மூலைக்கு மூலை மெதுவாகச் சாய்கோடு இழுங்கள். எங்காவது ஒரே இடத்தில் கோடு அலைந்தால் அல்லது அறுந்தால் வாங்க வேண்டாம். இழுத்துக்கொண்டே இன்னொரு கையால் கேபிளை லேசாக ஆட்டிப் பாருங்கள். இணைப்பு போனால் ஜாக் மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.