காவலூர் வான்நோக்கு நிலையம்: எந்தச் சனிக்கிழமை போகலாம், எதை எதிர்பார்க்கலாம்

ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வைணு பாப்பு வான்நோக்கு நிலையத்தைப் பொதுமக்கள் சனிக்கிழமைகளில் பார்க்கலாம். பகலில் தொலைநோக்கிக் கூடங்கள். வானம் தெளிவாக இருந்தால், இருட்டிய பிறகு ஒரு 6 அங்குலத் தொலைநோக்கி வழியாக வானம். பகல் பகுதி எந்த மாதத்திலும் பயணத்துக்கு ஈடானது. இரவுப் பகுதி முழுக்க முழுக்கத் தேதியைப் பொறுத்தது. "காவலூர் போனோம், ஒன்றும் தெரியவில்லை" என்று திரும்புகிறவர்களில் பெரும்பாலானோர் தப்பான தேதியில் போனவர்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நிலையத்தின் பெரிய தொலைநோக்கி, 2.34 மீட்டர் விட்டக் கண்ணாடி கொண்டது, அதன் வழியாக யாரும் கண் வைத்துப் பார்க்க முடியாது. அங்கே ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) இருக்கும் இடத்தில் கேமராவும், ஒளியை நிறங்களாகப் பிரித்து ஆராயும் நிறமாலைமானியும் இருக்கின்றன. விஞ்ஞானிகளே திரையில்தான் பார்க்கிறார்கள். குழந்தைகளிடம் இதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆனாலும் அந்தக் கூடத்தை அவசரமில்லாமல் பாருங்கள். 1986 ஜனவரி 6 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட கருவி அது. வடிவமைப்பும் கண்ணாடி தேய்ப்பும் இந்தியாவிலேயே நடந்தன. குதிரை லாட வடிவில் இருக்கும் அந்தப் பிரம்மாண்டமான தாங்கியைக் கவனியுங்கள். அதன் சுழல் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, அந்த இடத்தின் அட்சரேகையான பன்னிரண்டரை பாகைக்குச் சாய்ந்திருக்கிறது. அதனால் ஒரே அச்சில் மெதுவாகச் சுழற்றினாலே விண்மீனைப் பின்தொடரலாம். பகலில் குவிமாடத்தை ஏன் திறந்து காட்டுவதில்லை என்று பலரும் கேட்கிறார்கள். வெயிலின் சூடு உள்ளே புகுந்தால் இரவில் அந்தச் சூடான காற்று கண்ணாடிக்கு மேலே அலையும், படம் கலங்கிவிடும்.

1972இல் வந்த 1 மீட்டர் ஸெய்ஸ் தொலைநோக்கியின் வரலாறு இன்னும் சுவையானது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துச் சென்றது. மறைப்பதற்குச் சற்று முன்பே அந்த விண்மீனின் ஒளி மங்கியதைப் பதிவு செய்த கருவிகளில் இதுவும் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று தெரிந்தது அப்படித்தான். 1988இல் இந்த வளாகத்தின் ஷ்மிட் தொலைநோக்கியில் (வானத்தின் அகன்ற பரப்பைப் படமெடுக்கும் வகை) சிக்கிய குறுங்கோளுக்கு ராமானுஜன் பெயரை வைத்தார்கள்.

இனி தேதி. ஜூன் முதல் டிசம்பர் முற்பாதி வரை இரண்டு பருவமழையும் மாறி மாறி வானத்தை மூடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நம்பிப் போகலாம். மே மாதத்தில் மாலை இடிமேகம் ஒரு தொல்லை. அடுத்து, காலண்டரில் திதியைப் பாருங்கள். குழந்தைகளோடு போவதானால் வளர்பிறை சஷ்டி முதல் தசமிக்குள் விழும் சனிக்கிழமை. அப்போது நிலவின் பாதியில் வெளிச்சம் சாய்வாக விழுவதால் பள்ளங்களின் நிழல் நீளமாகத் தெரியும். பௌர்ணமியன்று நிழலே இருக்காது. நிலவு தட்டையாகத் தெரியும், மற்ற எல்லாவற்றையும் அழித்தும்விடும். நெபுலா (விண்வெளி வாயு மேகம்), விண்மீன் கொத்து, பால்வீதி என்று ஆசைப்படுகிறவர்களுக்குத் தேய்பிறை சஷ்டி முதல் வளர்பிறை திரிதியை வரை.

கோள்களில் வியாழன் அடுத்த சில ஆண்டுகளுக்குக் காவலூருக்கு நல்ல விருந்தாளி. 2026 ஜனவரி, 2027 பிப்ரவரி, 2028 மார்ச் என்று அதன் எதிர்நிலை (சூரியனுக்கு நேர் எதிரே வந்து இரவு முழுக்கப் பிரகாசமாகத் தெரியும் காலம்) சரியாகத் தெளிவான மாதங்களில் விழுகிறது. 6 அங்குலத்தில் அதன் இரண்டு மேகப் பட்டைகளும், பெரும்பாலும் நான்கு நிலவுகளும் தெரியும். சனிக்குத்தான் நேரம் சரியில்லை: அதன் எதிர்நிலை செப்டம்பர், அக்டோபர் என்று மழைக்காலத்திலேயே வருகிறது. 2026, 2027இல் சனியைப் பார்க்க டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ போய், இருட்டியதும் முதல் வரிசையில் நிற்க வேண்டும். வளையமும் 2025இல் விளிம்பு மட்டும் தெரியும் நிலைக்கு வந்துவிட்டு இப்போதுதான் மெல்ல விரிகிறது. முழு அகலத்துக்கு 2032 வரை பொறுக்க வேண்டும்.

வரிசையைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. அறுபது பேர், ஆளுக்கு அரை நிமிடம் என்றால் ஒரு பொருளுக்கே அரை மணி நேரம். ஆகவே ஒன்றரை மணி நேரம் நின்றாலும் இரண்டு, மூன்று பொருள்கள்தான் கிடைக்கும். இது நிலையத்தின் குறை அல்ல. ஒரு தொலைநோக்கியும் ஒரு கூட்டமும் சேர்ந்தால் அவ்வளவுதான். கிடைக்கும் அரை நிமிடத்தைப் பெரும்பாலோர் வீணாக்குவதுதான் வருத்தம். குழாயையோ ஐபீஸையோ பிடித்துக்கொண்டு பார்த்தால் படம் நடுங்கும், பொருள் பார்வைப் புலத்தைவிட்டு ஓடிவிடும். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டாம். கழற்றினால் குவியத்தை மாற்ற வேண்டிவரும், அடுத்தவர் மறுபடி மாற்றுவார். கண்ணை ஐபீஸில் ஒட்டவைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தால் முழு வட்டமும் தெரியும். மங்கலான நெபுலாவை நேராக முறைக்காதீர்கள். பார்வையைக் கொஞ்சம் ஓரமாகத் திருப்புங்கள், அது பிரகாசமாகும். மங்கல் ஒளியை உணரும் செல்கள் விழித்திரையின் நடுவில் இல்லை. ஓரியன் நெபுலா சாம்பல் கலந்த பச்சையாகத்தான் தெரியும். இணையத்தில் பார்த்த இளஞ்சிவப்பு எல்லாம் கேமராவின் நீண்ட பதிவு.

கண் இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். ஒரே ஒரு செல்போன் திரை அதைக் கெடுத்துவிடும், பக்கத்தில் நிற்பவருக்கும் சேர்த்து. டார்ச் தேவையென்றால் சிவப்பு செலோபேன் தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுங்கள். படம் எடுப்பதானால் நிலவோடு நிறுத்திக்கொள்வது நல்லது, பிளாஷை அணைத்துவிட்டு.

எங்கள் பரிந்துரை: ஒரு 10x50 அல்லது 7x50 பைனாகுலரைக் (10 அல்லது 7 மடங்கு பெரிதாக்கும், 50 மி.மீ. வில்லை கொண்டது) கையோடு கொண்டுபோங்கள். காவலூரின் உண்மையான சொத்து அந்த 6 அங்குலக் கருவியில்லை, அட்சரேகைதான். துருவ விண்மீன் வடக்கே தொடுவானுக்குச் சற்று மேலே நிற்க, தென் வானத்தில் வெகுதூரம் பார்க்கலாம். பிப்ரவரியில் இரவு ஒன்பது மணிக்கு அகத்திய விண்மீன் தெற்கே சுமார் 25 பாகை உயரத்தில் இருக்கும். ஏப்ரல் கடைசியில் திரிசங்கு எனும் தென்சிலுவையும், பைனாகுலரில் பஞ்சுருண்டை போன்ற ஒமேகா சென்டாரி கொத்தும் எழுந்துவிடும். வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் வெளிச்சம் மேற்கையும் வடமேற்கையும் கெடுக்கிறது. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டுத் தெற்கையும் கிழக்கையும் பாருங்கள். கை நடுங்கினால் முழங்கையை எதன் மீதாவது ஊன்றிக்கொள்ளலாம்.

சென்னையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து 175. ரயிலில் வருகிறவர்களுக்கு ஜோலார்பேட்டை அல்லது வாணியம்பாடி, அங்கிருந்து ஆலங்காயம் வழியாக மலைப்பாதை. இரவு திரும்ப பேருந்தை நம்பாதீர்கள், சொந்த வண்டியோ வாடகை வண்டியோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சாப்பாட்டை ஆலங்காயத்திலேயே முடித்துவிடலாம் அல்லது கட்டிக்கொண்டு போகலாம். ஜனவரியில் ஸ்வெட்டர், எந்த மாதமானாலும் மூடிய காலணி. வளாகத்தை நெருங்கும்போது ஹெட்லைட்டைத் தாழ்த்திவிடுங்கள், உள்ளே ஆய்வு நடந்துகொண்டிருக்கும். கிளம்பும் முன் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த வார அறிவிப்பையும் நேரத்தையும் பாருங்கள். பிற்பகலில் செயற்கைக்கோள் மேகப்படத்தையும் ஒருமுறை பார்த்து, ஜவ்வாது மலைக்கு மேலே வெள்ளையாக இருந்தால் அடுத்த பொருத்தமான சனிக்கிழமைக்குத் தள்ளிப்போடுங்கள்.